போட்டிச் சுடுதலுக்கான முதல் கைத்துப்பாக்கி: எதைப் பார்த்து எடுப்பது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: 10 மீற்றர் தூரத்து இலக்கைச் சுடும் காற்றுக் கைத்துப்பாக்கி. அழுத்திய காற்றால் 4.5 மி.மீ. ஈயக் குண்டைச் செலுத்தும். ஒரு கையால் மட்டும் பிடித்துச் சுடவேண்டும்.

முதலில் பார்க்கவேண்டியது பிடி. அது கைக்குப் பொருந்தாவிட்டால் குறிபார்க்கும் இரு குறிகளும் நேராக நில்லா. துப்பாக்கி முனையிலுள்ள முன்குறி, பின்னாலுள்ள பின்குறிக்கு 1 மி.மீ. விலகினாலே குண்டு ஏறத்தாழ 3 செ.மீ. தள்ளிப்போகும், பத்துப் புள்ளி வட்டமோ 11.5 மி.மீ.தான். வயற்காரர் மண்வெட்டிக்குப் பிடியைத் தன் கைக்கு ஏற்றபடி செதுக்கிப் போடுவாரே, அதே கணக்கு. குண்டு போடாமல், கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். திறக்கும்போது இரு குறிகளும் நேராக நின்றால் அந்தப் பிடி உங்களுடையது. எடை 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது, விசை இழுப்பு (விசையை இழுக்கத் தேவையான பாரம்) 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது போட்டி விதி.

வேகம் கூடிய துப்பாக்கிதான் துல்லியமாகச் சுடும் என்று பலர் நம்புகிறார்கள். கடதாசி இலக்கில் அந்த வேகம் ஒரு புள்ளியும் கூட்டித் தராது.