வாலிபர் சங்கப் பணம்: உங்கள் கேள்விக்கு

சகோதரரே, வாலிபர் சங்கப் பணத்தில் 12,000 ரூபாய் எடுத்துவிட்டு, எட்டு மாதமாக ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்கள். வராதுதான். அடக்கிவைத்தபோது எலும்புகள் உலர்ந்துபோனதாகத் தாவீதும் 32ஆம் சங்கீதத்தில் சொல்கிறார்.

யோசுவா 7ஐ வாசியுங்கள். எரிகோவில் எடுக்கக்கூடாதென்று கர்த்தர் விலக்கியதை எடுத்த ஆகான் என்ற இஸ்ரவேலன் தன் கூடாரத்துக்குள் புதைத்தது ஒரு சால்வை, 200 சேக்கல் வெள்ளி, ஒரு பொன்பாளம். அதனால் ஆயி பட்டணத்துப் போரில் செத்ததோ வேறு 36 பேர். கணக்குக் கேட்கும் செயலாளர்மேல் எரிந்து விழுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மறைப்பின் அடியும் அப்படியே அவருக்குத்தான்.

லேவியராகமம் 6இன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 14,400. கையில் இல்லையென்றால் தவணை கேளுங்கள். யாருக்கும் தெரியாமல் காணிக்கைப் பெட்டியில் போடும் யோசனை மட்டும் வேண்டாம். அது இன்னொரு மறைப்பு. போதகரைத் தனியாகப் பாருங்கள். ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.