நடைபாதையைத் தேடி வரும் மருத்துவம்: கோபியிலிருந்து வந்த தம்பிக்கு

கோபியிலிருந்து பாஸ்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறதென்றும், வேலைக்குப் போகும் வழியில் ரயில் நிலைய வாசலில் புண்பட்ட காலோடு படுத்திருக்கும் வீடற்ற பெரியவரைத் தினமும் தாண்டிப்போக மனம் கேட்கவில்லையென்றும், இவர்களை யார் பார்க்கிறார்கள், நான் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள், தம்பி. தாராபுரத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இங்கே இருக்கும் நானும் முதல் குளிர்காலத்தில் இதே கேள்வியோடு நடந்தவள்தான்.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். நடைபாதையில் இருமிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டேன். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிச் சென்றது. மருத்துவமனை விடிவதற்குள் அவரை வெளியே அனுப்பிவிட்டது. திரும்பி வந்தபோது மாத்திரைகளும் அடையாள அட்டையும் இருந்த அவருடைய பை அங்கே இல்லை. பல வாரங்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையை விட்டுப் போனால் களவு போகும், போய்த் திரும்புவதற்குள் படுக்கும் இடம் பறிபோகும், அதற்குப் பயந்தே மருத்துவமனைப் பக்கம் போவதில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

இந்த அச்சத்தை அறிந்துதான் இங்கே மருத்துவம் அவர்களைத் தேடிப் போகிறது. வீடற்றவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் ‘பாஸ்டன் ஹெல்த் கேர் ஃபார் த ஹோம்லெஸ் புரோகிராம்’ என்ற அமைப்பு 1985-இல் தொடங்கியது. ஓராண்டு மட்டும் பணியாற்றிவிட்டுப் புற்றுநோய் மருத்துவம் படிக்கப் போவதாக இருந்த ஜிம் ஓ’கானல் என்ற இளம் மருத்துவரிடம், பார்பரா மக்கின்னிஸ் என்ற செவிலியர், ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துவிட்டு முதலில் இவர்களுடைய கால்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள் என்றார். அவரும் அப்படியே செய்தார். படிப்பை விட்டுவிட்டு இந்தப் பணியிலேயே தங்கிவிட்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, நினைவுக்கு வந்தார். தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகிறவர்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்தால், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல், கொப்புளம் வெடித்த காலை அண்டா வெந்நீரில் வைக்கச் சொல்லுவார். பேச்செல்லாம் அதன் பிறகுதான்.

இங்கே ஒரு காப்பகத்தில் தன்னார்வலராக நானும் வெந்நீர் ஊற்றியிருக்கிறேன். ஒருவர் நாள்கணக்கில் ஈரமாக இருந்த சாக்ஸைக் கழற்றியபோது விரலிடுக்குத் தோலும் வெளுத்து, உரிந்து, அதனோடு வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. நீர் ஆறியதும், இன்னும் கொஞ்சம் ஊற்ற முடியுமா என்று கேட்டார். இரண்டாம் முறை ஊற்றிய பிறகே, நான்கு நாளாக நெஞ்சு வலிக்கிறது என்று செவிலியரிடம் சொன்னார்.

மனநல ஆலோசனையும் இதே வழியில்தான் நடக்கிறது. ஆலோசகர் நடைபாதை ஓரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போவார், மறுவாரமும் வருவார், எங்கோ அடைத்துவிடுவார்கள் என்ற பயம் தெளியச் சில மாதங்கள்கூட ஆகும். ஆனால் ஒருமுறை நம்பிக்கை வந்துவிட்டால், மாதம் ஒருமுறை போடும் மனநோய் ஊசியைக்கூடத் தெருவிலேயே போட்டுக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். 2000 முதல் 2009 வரை பாஸ்டன் தெருக்களில் உறங்கியவர்களை ஆராய்ந்தபோது, அவர்களின் இறப்பு விகிதம் மாநிலப் பொதுமக்களுடையதைவிட ஏறத்தாழ 10 மடங்கு இருந்தது என்பதால், இந்தப் பொறுமையை வீண் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அந்தப் பெரியவருக்கு நினைவு தப்பியிருந்தாலோ, மூச்சு திணறினாலோ, கடுங்குளிரில் நடுக்கம் நின்று பேச்சுக் குழறினாலோ, தயங்காமல் 911-ஐ அழையுங்கள். மற்ற நாட்களில், நம் ஊர் வழக்கப்படி, மரியாதையாக நலம் கேட்டுப் பேச்சைத் தொடங்கி, பெயரைக் கேளுங்கள். கால் புண்ணை ஒரு செவிலியர் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால், அவர் பெயரையும் எந்த வாசலில் எந்நேரம் இருப்பார் என்பதையும் நான் மேலே சொன்ன அமைப்பின் தெரு மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், பெயர் சொல்லியே தேடி வருவார்கள். போகும்போது தடித்த கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். ஒன்று நனைந்தால் மாற்றிக்கொள்ள மற்றொன்று வேண்டும்.