ஏலியன் இருக்கிறதா? எந்த ஏலியன்?

"ஏலியன் நிஜமாகவே இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஏலியன் என்பதைப் பொறுத்தது.

வேற்றுக்கிரகவாசி என்றால், இதுவரை உறுதியான தடயம் ஒன்றுமில்லை. சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோளை 1995இல்தான் கண்டார்கள்; இன்று தெரிந்த வெளிக்கோள்கள் 5,000ஐத் தாண்டிவிட்டன. எங்காவது ஒரு நுண்ணுயிராவது இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கரண்ட் போன இரவில் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) வாசலில் நின்று பார்க்கும்போது, மலைக்கு மேலே சத்தமில்லாமல் நகரும் வெளிச்சம் பெரும்பாலும் செயற்கைக்கோள்தான்.

அப்புறம், அயல் தாவரங்களுக்கும் இதே சொல்தான். இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூவும் முள்ளுமாய்ப் பரவும் கோர்ஸ் புதர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. (தேயிலையும் வந்த செடிதான். அதைப் பிடுங்கச் சொல்ல ஆளில்லை.)

மூன்றாவது அர்த்தம்தான் எங்களுக்கு நெருக்கம். ஆங்கிலச் சட்டமொழியில் ஏலியன் என்றால் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த எங்கள் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வழிவிட்டது.

என் தாத்தா தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் பாட்டியின் கூறைச்சேலைக்கு அடியில் வைத்திருந்தார். மழைக்காலத்தில் மட்டும் வெளியே எடுத்து அடுப்படியில் காயவைப்பார்.