புகையிலைத் தடுப்புப் பணம்: வரவு எங்கே, செலவு எங்கே?

வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில் சிகரெட் கம்பெனிகள் ஆண்டுதோறும் மாநில அரசுகளுக்குப் பணம் கட்டுகின்றனவாமே, அது அபராதமா, வரியா? பிள்ளைகளுக்கான விழிப்புணர்வு வேலைகள் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றனவா?
– கல்லூரி மாணவி, திருச்சி

அபராதமும் இல்லை, வரியும் இல்லை. வழக்கில் பேசி முடித்த சமரசத் தொகை அது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டில், புகையால் வந்த நோய்களுக்காக அரசு செலவழித்ததைக் கம்பெனிகள் திருப்பித் தர வேண்டும் என்று 1994-இல் மிசிசிப்பி மாநிலம் முதலில் வழக்குப் போட்டது. மற்ற மாநிலங்களும் பின்னாலேயே போயின. மிசிசிப்பி, புளோரிடா, டெக்சஸ், மினசோட்டா ஆகிய நான்கும் 1997, 1998-இல் தனித்தனியே பேசி முடித்துக்கொண்டன. மீதி 46 மாநிலங்களும் நான்கு பெரிய கம்பெனிகளும் 1998 நவம்பர் 23 அன்று ஒரே ஒப்பந்தத்துக்கு வந்தன. முதல் 25 ஆண்டுகளுக்கு மட்டும் 20,600 கோடி டாலர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 25 ஆண்டோடு அது முடிந்துவிடாது. சிகரெட் விற்கிற வரை, விற்பனை அளவை வைத்துக் கணக்கிட்டு ஆண்டுதோறும் ஏப்ரலில் கட்ட வேண்டும்.

பிள்ளைகளுக்குச் செலவாகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. கார்ட்டூன் விளம்பரம் கூடாது, சாலையோர விளம்பரப் பலகை கூடாது என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியவர்கள், மாநிலங்கள் இந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. வந்த பணம் பொது நிதியில் விழுந்தது. பட்ஜெட்டில் துண்டு விழும்போதெல்லாம் அதை எடுத்துத்தான் அடைத்தார்கள். புகையிலை விளையும் வட கரோலினா, தன் பங்கில் பாதியை அந்தப் பயிரை நம்பியிருந்த ஊர்களின் பொருளாதாரத்துக்கென்று ஒரு அறக்கட்டளையிடம் கொடுத்தது. வேறு சில மாநிலங்கள் இன்னும் அவசரக்காரர்கள். வரப்போகும் ஆண்டுகளின் தொகையைக் காட்டிக் கடன் பத்திரம் விற்று, மொத்தமாக ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சிகரெட் விற்பனை குறைந்தால் தவணையும் குறையும், பத்திரம் வாங்கியவருக்குப் பணம் போய்ச் சேராது. தடுப்பு வேலை வெற்றி பெற்றால் அரசுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கே நஷ்டம் என்ற நிலை.

இன்றைய கணக்கு இது: சமரசத் தொகை, சிகரெட் வரி இரண்டையும் சேர்த்து எல்லா மாநிலங்களுக்கும் ஆண்டுக்குச் சுமார் 2,500 கோடி டாலர் வருகிறது. தடுப்புக்கும், பழக்கத்தை விட உதவுவதற்கும் மொத்தமாக 330 கோடி டாலராவது வேண்டும் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2014-இல் பரிந்துரைத்தது. அதாவது வரவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அண்மை ஆண்டுகளில் மாநிலங்கள் உண்மையில் ஒதுக்குவதோ வரவில் சுமார் 3 சதவீதம்தான்.

அப்படியானால் அங்கே ஒழுங்காகச் செய்த மாநிலமே இல்லையா?
– பொது சுகாதாரம் படிக்கும் மாணவர், வேலூர்

இருக்கிறது. புளோரிடாவையே பாருங்கள், ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும் என்ற இரண்டுக்கும் அதுவே உதாரணம். தனக்கு வந்த சமரசப் பணத்தில் 1998-இல் 'ட்ரூத்' என்ற இளைஞர் பிரசாரத்தை அது தொடங்கியது. 'புகை பிடிக்காதே, நுரையீரல் கெடும்' என்கிற உபதேசத்தை விட்டுவிட்டு, கம்பெனிகள் பதின்வயதினரை எப்படிக் குறிவைத்து ஏமாற்றுகின்றன என்பதைப் பதின்வயதினரே பேசினார்கள். இரண்டே ஆண்டில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடையே புகைப்பழக்கம் 18.5 சதவீதத்திலிருந்து 11.1-க்கு இறங்கியது, உயர்நிலையில் 27.4-லிருந்து 22.6-க்கு. நல்ல பலன் கிடைத்த திட்டம் என்பதால் அது தப்பித்துவிடவில்லை. 2003-இல் சட்டமன்றம் நிதியை ஏறக்குறைய முழுவதும் வெட்டியது. கடைசியில் 2006 நவம்பரில் மக்களே வாக்களித்து, சமரசப் பணத்தில் 15 சதவீதம் தடுப்புக்கே போக வேண்டும் என்று மாநில அரசமைப்பில் எழுதிவைத்தார்கள்.

ஓக்லஹோமா இன்னும் சாமர்த்தியம். 2000-லேயே மக்கள் வாக்கெடுப்பில் ஒரு நிரந்தர வைப்பு நிதியை அமைத்துக்கொண்டது. 2007-லிருந்து சமரசப் பணத்தில் 75 சதவீதம் அதில் சேருகிறது. அசல் தொகையைத் தொடக்கூடாது, அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் செலவழிக்கலாம். எந்த நிதியமைச்சர் வந்தாலும் கைவைக்க முடியாது. கலிபோர்னியா வரி வழியாகப் போனது. 1988-இல் ஒரு பாக்கெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி, அதில் 20 சதவீதம் புகையிலை குறித்த சுகாதாரக் கல்விக்கு என்று சட்டத்திலேயே பிரித்துவிட்டார்கள்.

எதிர் உதாரணம் மசாசூசெட்ஸ். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் செலவழித்த, பலரும் பாராட்டிய திட்டம் அங்கே இருந்தது. 2004 நிதியாண்டில் மிஞ்சியது 25 லட்சம் டாலர். பணம் யார் கையெழுத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கெஞ்சி வாங்கும் நிதிக்கு ஆயுசு குறைவு.

என் மகன் அடுத்த ஆண்டு டெக்சஸில் கல்லூரியில் சேருகிறான். 18 வயது ஆகிவிட்டது. அங்கே கடையில் வாங்கிவிட முடியுமா? வேப் எல்லாம் சகஜமாமே?
– ஒரு தந்தை, கோவை

முடியாது. 2019 டிசம்பரிலிருந்து அமெரிக்கா முழுவதும் 21 வயதுக்குக் கீழே யாருக்கும் சிகரெட், வேப் (மின்-சிகரெட்) எதுவும் விற்கக் கூடாது. வேப் சகஜமானது உண்மைதான். இளைஞர்களைக் குறிவைத்து விற்ற விவகாரத்தில், வேப் தயாரிக்கும் ஜூல் நிறுவனம் 30-க்கு மேற்பட்ட மாநிலங்களுக்குச் சுமார் 44 கோடி டாலர் கொடுக்க 2022-இல் ஒத்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து வேப் கொண்டுபோகவோ அங்கிருந்து கொண்டுவரவோ நினைக்க வேண்டாம். இங்கே 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனை, இறக்குமதி எல்லாம் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை.

நம் மாநிலத்தில் இந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?
– ஓய்வுபெற்ற கருவூல ஊழியர், மதுரை

2007-08-இல் தொடங்கிய தேசிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம்தான் முக்கிய வழி. இப்போது அது தேசிய நலவாழ்வு இயக்கத்துக்குள் ஒரு சிறு தலைப்பு. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பது பங்கு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. மாவட்டம் தன் தேவையை எழுதி மாநிலத்துக்கு அனுப்பும், மாநிலம் எல்லாவற்றையும் தொகுத்து மத்திய அமைச்சகத்துக்கு அனுப்பும், அங்கே ஒப்புதலான தொகை திரும்பி வரும். நீங்கள் கருவூலத்தில் இருந்தவர், எங்கே தாமதமாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டின் பிற்பாதியில் வந்து சேரும் பணத்தை மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும் என்றால், பிளெக்ஸ் பேனரும் ஒருநாள் பயிற்சியும்தான் நடக்கும். ஆலோசகர் பணியிடம் காலியாகக் கிடக்கும். செலவாகாத தொகையைக் காட்டி அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைப்பார்கள்.

இதையொட்டி இரண்டு திட்டங்கள் உண்டு. 10 முதல் 19 வயதினருக்கான தேசிய சுகாதாரத் திட்டமான ராஷ்ட்ரிய கிஷோர் சுவாஸ்த்ய காரியக்ரம் 2014-இல் வந்தது. போதைப் பழக்கத் தடுப்பு அதன் ஆறு தலைப்புகளில் ஒன்று. ஆயுஷ்மான் பாரத் பள்ளி சுகாதாரத் திட்டத்தில் (2020) பள்ளிக்கு ஒரு ஆசிரியர், ஒரு ஆசிரியை எனப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு ஒப்புதலானது, எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், தலைப்புவாரியாகக் கேளுங்கள்: பயிற்சி, பள்ளித் திட்டம், பிரசாரம், பழக்கத்தை விடும் மையம். 'மொத்தம் எவ்வளவு' என்று கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும்.

எங்கள் பள்ளியைப் புகையிலை இல்லாத பள்ளியாக அறிவிக்கச் சொல்கிறார்கள். இதற்கு நிதி தருவார்களா? என்ன செய்ய வேண்டும்?
– தலைமையாசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

உங்கள் பள்ளிக் கணக்கில் தனியாகப் பணம் வரும் என்று காத்திருக்காதீர்கள். சுவரொட்டி, பயிற்சி, பேச்சாளர் ஆகியவற்றை மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். பலகை எழுதும் செலவு சிறியதுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பள்ளி மானியத்தில் பராமரிப்போடு சேர்க்கலாமா என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தணிக்கையில் மாட்டுவது செலவழித்ததற்காக இல்லை, தீர்மானம் இல்லாததற்காக.

மத்திய அரசின் வழிகாட்டுதலில் ஒன்பது அம்சங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று கட்டாயம்: வளாகத்துக்குள் 'புகையிலை இல்லாப் பகுதி' பலகை, நுழைவாயிலில் 'புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம்' பலகை, வளாகத்தில் புகையிலை பயன்படுத்திய அடையாளமே இல்லாதிருத்தல். மற்றவை: விழிப்புணர்வுச் சுவரொட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியாவது, கண்காணிப்பாளர் நியமனம், பள்ளி விதிகளில் புகையிலைத் தடை, 100 கஜ எல்லையைக் குறித்தல், அதற்குள் புகையிலைக் கடை இல்லாதிருத்தல்.

பள்ளிகள் தோற்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது கட்டாயத்தில். பலகை பளபளவென்று இருக்கும். கழிப்பறையின் பின்சுவரில் சிவப்புத் துப்பல் இருக்கும். மாலையில் மைதானத்துக்கு வரும் வெளியாட்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஏன், ஆசிரியர்கள் அறைக்குப் பின்னால் கிடக்கும் பீடித் துண்டும் கணக்கில் சேரும். திங்கள் காலையில், பெருக்குவதற்கு முன் ஒரு சுற்று வந்து பாருங்கள். இன்னொன்று: கண்காணிப்பாளரின் பெயரும் எண்ணும் பலகையில் இருக்க வேண்டும். மாறுதலில் போனவரின் பெயரே பல இடங்களில் நிற்கிறது. பெயர் எழுதும் பட்டையை மட்டும் தனியாகக் கழற்றி மாட்டும்படி வைத்தால் வேலை மிச்சம்.

100 கஜம் என்பதைப் பள்ளி வாசலிலிருந்து அளக்க வேண்டுமா? கடைக்காரர் 'ரோட்டில் சுற்றி வந்தால் 150 மீட்டர்' என்கிறார்.
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், கடலூர்

அவர் சொல்வது செல்லாது. சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து ஆரமாக, நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்பது விதி. 100 கஜம் என்றால் 91.44 மீட்டர். 30 மீட்டர் டேப்பை மூன்று முறை போட்டு, ஒன்றரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் வீடுகள் இருந்தால் கைப்பேசி வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதி போதும். வாசல் பக்கம் மட்டும் அளந்துவிட்டு, பின்சுவரை ஒட்டிய பெட்டிக்கடையை விட்டுவிடுவது வழக்கமான பிழை. சாலையில் மஞ்சள் கோடு போட உள்ளாட்சி அமைப்பிடம் கடிதம் கொடுங்கள். சாதாரண எனாமல் பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது, சாலைக் குறியீட்டுக்கான பெயின்ட்டே கேளுங்கள்.

கோட்டுக்குள் விற்றால் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் அபராதம் 200 ரூபாய் வரைதான். கடைக்காரர் அதைக் கட்டிவிட்டு மறுநாள் விற்பார். அதனால் புகார் எழுதும்போது எது பொருந்துமோ அதைக் குறிப்பிடுங்கள். சிறுவனுக்கே விற்றிருந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அதற்குக் காவல் நிலையம். குட்கா, ஹான்ஸ், கூல் லிப் போன்ற வாயில் வைக்கும் புகையிலை என்றால் தமிழ்நாட்டில் 2013-லிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை. அதற்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர். மூன்றையும் ஒரே மனுவில் கலந்து கலெக்டரிடம் கொடுத்தால், ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் காட்டும்.

புகையிலைக் கம்பெனி ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதியில் இளைஞர் நல நிகழ்ச்சி நடத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், நெல்லை

வேண்டாம். பிலிப் மோரிஸ் கம்பெனியே 1998-இல் அமெரிக்காவில் இளைஞர்களுக்குப் புகைத் தடுப்பு விளம்பரம் நடத்தியது. ஆய்ந்து பார்த்தபோது, அதைப் பார்த்த பிள்ளைகளிடம் கம்பெனி மேல் நல்லெண்ணம் கூடியதுதான் மிச்சம்.

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சிலர் உதட்டுக்குள் கூல் லிப் வைக்கிறார்கள். டி.சி. கொடுத்துவிடலாமா என்று பேசுகிறார்கள்.
– ஆசிரியர், சேலம்

டி.சி. கொடுத்தால் பழக்கத்தோடு படிப்பும் போகும், அவ்வளவுதான். புகை இல்லை, துப்ப வேண்டியதும் இல்லை என்பதால் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். கீழுதட்டின் உள்பக்கம் வெளுத்துச் சுருங்கியிருப்பது, குப்பைத் தொட்டியில் சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடப்பது இவைதான் தடயம். பெற்றோரை வைத்துத் தனியாகப் பேசுங்கள், காலை வழிபாட்டில் பெயர் சொல்ல வேண்டாம். நிறுத்திய முதல் மூன்று நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் அதிகமாக இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் தொடங்கச் சொல்லாதீர்கள். நிக்கோட்டின் மெல்லும் பசையை 18 வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. பழக்கத்தை விடுவதற்கான தேசிய இலவச எண் 1800-11-2356; தமிழிலும் பேசலாம். பல் மருத்துவரிடம் ஒருமுறை வாயைக் காட்டிவிடுவதும் நல்லது. பழக்கத்தை விட்ட பிறகும் உதட்டின் அந்த வெளுப்பு ஆறாமல் இருந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.