மெயின்டனன்ஸ் வேலையை விட்டுவிட்டு கேம் செய்யப் போகலாமா?

கேள்வி: ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன எலெக்ட்ரானிக் விளையாட்டுச் சாதனங்கள் செய்து பார்ப்பேன். ஜப்பானின் வீடியோ கேம் கம்பெனியான நின்டெண்டோவில் என்னைப்போல மெஷின் பழுது பார்த்த ஒருவர்தான் கையில் வைத்து ஆடும் கேம்பாய் சாதனத்தைச் செய்தார், ஒரு தோல்வி வந்ததும் அவரைத் துரத்திவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நண்பனோ, அங்கே எல்லாமே மரியோ கேமைச் செய்த மியாமோட்டோ செய்ததுதான் என்கிறான். எது நிஜம்? நானும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?

பதில்: வீடியோ சொன்னது பாதி சரி தம்பி. நண்பர் சொன்னது அதைவிடக் குறைவு.

மெஷின் பழுது பார்த்தவர் பெயர் குன்பேய் யோகோய். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 1965ல் கியோட்டோவில் உள்ள நின்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது கேம் கம்பெனி இல்லை, 1889லிருந்து ஹனஃபுடா என்ற பூப்படச் சீட்டுக்கட்டு தயாரித்து வந்த கம்பெனி. சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பெரிதாக வேலை இல்லை, பொழுதும் போகவில்லை, அதனால் அங்கேயே நீட்டினால் நீளும் இடுக்கி மாதிரி ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார், அது கம்பெனித் தலைவர் ஹிரோஷி யாமவுச்சியின் கண்ணில் பட்டுவிட்டது. நம்மூர் மேனேஜராக இருந்தால் மெமோதான். யாமவுச்சி கூப்பிட்டு, இதை விற்கிற பொருளாக மாற்று என்றார். 1966ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்து 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இதை எல்லாரும் யோகோயின் திறமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. யாமவுச்சி அவரைத் திரும்பவும் இயந்திரத்துக்கு எண்ணெய் போட அனுப்பவில்லை, பொம்மை உருவாக்குகிற வேலையில் உட்கார வைத்தார். ஷார்ப் என்ற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியிலிருந்து மசாயுகி உயெமுரா வந்தார், கென்யோ டகெடா வந்தார், ஆளுக்கொரு பிரிவு. ஆர் அண்ட் டி, அதாவது ஆராய்ச்சி-உருவாக்கப் பிரிவு 1 யோகோயிடம், 2 உயெமுராவிடம், 3 டகெடாவிடம். ஒரே கூரையின் கீழ் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிற பிரிவுகள். 1983ல் வந்த, டிவியில் இணைத்து ஆடும் ஃபேமிகாம் இயந்திரம் உயெமுரா குழுவின் வேலை. கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜ் பெட்டிக்குள் பேட்டரி வைத்து ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி டகெடா பக்கத்திலிருந்து வந்தது. மெட்ராய்ட் என்ற கேம் யோகோயின் பிரிவு செய்தது. ஷிகேரு மியாமோட்டோ 1977ல் ஓவியராகச் சேர்ந்தவர், அமெரிக்காவில் விலை போகாமல் கிடந்த ரேடார் ஸ்கோப் ஆட்டப்பெட்டிகளை எப்படியாவது விற்றாக வேண்டும் என்று 1981ல் அவர் டாங்கி காங் என்ற கேமைச் செய்தபோது மேற்பார்வை பார்த்ததும் இதே யோகோய்தான். மரியோவும் ஸெல்டாவும் மியாமோட்டோவுடையவை, அதில் தகராறு இல்லை. 'எல்லாமே' என்கிற இடத்தில்தான் நண்பர் தோற்கிறார்.

கேம்பாய்க்கு முன்னால் யோகோய் செய்த கையடக்க விளையாட்டுச் சாதனமான கேம் அண்ட் வாட்ச் வந்த விதத்தையும் கேளுங்கள். புல்லட் ரயிலில் ஒரு ஆபீஸ்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தார், உள்ளங்கைக்குள் அடங்கும் விளையாட்டுச் சாதனம் இருந்தால் யாருக்கும் தெரியாமல் ஆடலாமே என்று தோன்றியது. ஒரு நாள் தலைவரின் காரை அவரே ஓட்டவேண்டி வந்தபோது, பேச்சுவாக்கில் சொல்லி வைத்தார். கொஞ்ச நாளில் ஷார்ப் அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். கால்குலேட்டருக்காக ஏற்கெனவே மலிந்துபோயிருந்த எல்சிடி திரை, 1980ல் முதல் விற்பனை, மொத்தத்தில் 4 கோடிக்கும் மேல் போனது. புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி விலை இறங்கியதை எடுத்து யாரும் நினைக்காத இடத்தில் வைப்பதுதான் அவர் பாணி.

1989ல் வந்த கேம்பாயும் அப்படித்தான். வண்ணம் கிடையாது, திரைக்குப் பின்னால் வெளிச்சம் கிடையாது, ஆனால் நான்கு பேட்டரியில் பல மணிநேரம் ஓடும். கலர் திரையோடு வந்த போட்டியாளர்கள் பேட்டரியைத் தின்றே செத்தார்கள். இதில் உங்கள் வீடியோ விட்டிருக்கக்கூடிய பெயர் ஒன்று உண்டு, சடோரு ஓகாடா. யோகோய் மனதில் இருந்தது கேம் அண்ட் வாட்சின் தம்பி மாதிரி ஒரு எளிய பொம்மை. வெளியாட்களும் வருஷக்கணக்கில் கேம் எழுதக்கூடிய உருப்படியான இயந்திரமாக இருக்கவேண்டும் என்று ஓகாடா முரண்டு பிடித்தார், கடைசியில் யோகோய் சரி உன் இஷ்டம் என்று விட்டுக்கொடுத்தார். தனக்குக் கீழே இருப்பவனிடம் தோற்கத் தெரிந்த மேலாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

துரத்திவிட்டார்கள் என்பது கதை. 1995ல் வந்த, கண்ணை வைத்துப் பார்த்து ஆடும் முப்பரிமாண கேம் இயந்திரமான வெர்ச்சுவல் பாய் படுதோல்விதான், 10 லட்சம்கூடப் போகவில்லை. ஆனால் அதனால் விலகவில்லை என்று யோகோயே சொன்னார். கேம்பாயின் சின்ன வடிவமான கேம்பாய் பாக்கெட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, 1996 ஆகஸ்டில் வெளியே வந்து கோட்டோ என்று சொந்தக் கம்பெனி வைத்தார். அடுத்த வருஷம் அக்டோபரில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவருடைய பிரிவு அதற்குப் பின்னும் ஓடி, வாரியோவேர் மாதிரி கேமெல்லாம் செய்து, சடோரு இவாடா நின்டெண்டோவின் தலைவராக இருந்தபோது 2000களின் நடுவில் கலைக்கப்பட்டது. மியாமோட்டோவின் பிரிவும் 2015ல் இன்னொன்றோடு சேர்க்கப்பட்டுப் பெயர் மாறிவிட்டது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். இப்போதைக்கு விடாதீர்கள். யோகோய் பொம்மை செய்வதற்காக வேலையை விட்டவர் இல்லை, முப்பது வருஷத்துக்கு மேல் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே, கம்பெனிப் பணத்தில், கம்பெனி விற்பனை ஆட்களை வைத்துச் செய்தவர். உங்களுக்கு இப்போது இல்லாதது ஒரு யாமவுச்சி. அப்படி ஒருவர் உங்கள் தொழிற்சாலையில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், உற்பத்திப் பிரிவில் இருக்கலாம், டிசைனில் இருக்கலாம், முதலாளி வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அதற்கு முன் அப்பாயின்மென்ட் ஆர்டரை எடுத்து நிதானமாகப் படியுங்கள், வேலை நேரத்தில் கம்பெனிக் கருவியை வைத்துச் செய்தது கம்பெனிக்கே சொந்தம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அதுவரை சொந்தச் செலவில் வீட்டில் செய்யுங்கள். விலை குறைந்த பழைய திரை ஒன்றை வாங்கி, ஒரே ஒரு விளையாட்டு, முழுசாக ஓடுகிற மாதிரி, அடுத்தவர் கையில் கொடுத்தால் விளக்கம் கேட்காமல் ஆடுகிற மாதிரி முடியுங்கள். பாதியில் நிற்கிற பத்துச் சாதனங்களைக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது. ஒரு வருஷம் பார்த்தும் ஒரு மேஜைகூட ஒதுக்க ஆள் இல்லையென்றால், அந்த ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு சாதனம் வடிவமைக்கிற கம்பெனிகளுக்கு நேர்காணலுக்குப் போங்கள், ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தபிறகு ராஜினாமா எழுதலாம்.