நீர்மூழ்கிக் கப்பலில் ஏஐபி என்றால் என்ன? ஒரு நாடு அதை வாங்கலாமா?

டீசல் என்ஜினுக்குக் காற்று வேண்டும், கடலுக்கடியில் அது கிடையாது. அதனால் சாதாரண நீர்மூழ்கி உள்ளே போனால் பேட்டரியில்தான் ஓடும், சார்ஜ் இறங்கியதும் மேலே வந்து காற்றிழுக்கும் ஸ்நார்கல் குழாயை நீட்டி டீசலை ஓட்டியே ஆகவேண்டும். எதிரியிடம் மாட்டுவது பெரும்பாலும் அப்போதுதான்.

வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தயாரிக்கும் அமைப்புதான் ஏஐபி (Air-Independent Propulsion). சுவீடனின் கோட்லாண்ட் வகைக் கப்பல்கள் 1990களிலேயே திரவ ஆக்சிஜனைச் சுமந்துபோய் ஸ்டிர்லிங் என்ஜினை (வெளியிலிருந்து சூடேற்றி ஓட்டும் வகை) ஓட்டின. இரண்டு வாரம்கூட மேலே வராமல் இருக்கலாம், ஆனால் ஆமை வேகம், சுமார் 5 நாட் (knot), அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர்தான்.

பவர் பேங்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிளக் பாயிண்ட் தேட வேண்டாம், ஆனால் மெதுவாகத்தான் ஏற்றும், காலியானால் வீட்டுக்கு வரவேண்டும் (இங்கே துறைமுகத்துக்கு, ஆக்சிஜன் நிரப்ப).

ஜப்பான் 2020இல் கடற்படையில் சேர்த்த ஓரியூ நீர்மூழ்கியில், முந்தைய கப்பல்களில் இருந்த ஸ்டிர்லிங்கை விட்டுவிட்டு லித்தியம் அயன் பேட்டரியையே நிறைய வைத்துவிட்டது. வேகமாக ஓடித் தப்பிக்க அது தேவலை. ஒரே இடத்தில் சத்தமில்லாமல் பதுங்கிக் காவல் காக்கத்தான் வேலை என்றால் என் ஓட்டு ஏஐபிக்கே.

அப்புறம், ஏஐபி வந்தால் டீசல் என்ஜின் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். டீசலும் பேட்டரியும் அப்படியே இருக்கும், இது கூடச் சேரும் துணை மட்டும்தான்.