வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சுன்னா பக்கவாதமா, நரம்பு வருத்தமா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அம்மாவுக்குக் காலையில எந்திரிச்சதும் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு, தோட்டத்துல எல்லாரும் பனிக்காத்து அடிச்சிருச்சுன்னு சொல்றாங்க, இது மூளை நரம்புல வர்ற வருத்தமான்னு கேட்டிருக்கீங்க. நான் மலையகத்துலதான் ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன், பொறந்து வளந்ததும் லயத்துலதான், அதனால இந்தப் பனிக்காத்துக் கதை எனக்குப் புதுசு இல்ல.

முதல்ல நெத்தியப் பாருங்க. புருவத்தத் தூக்கச் சொல்லுங்க. முகத்த அசைக்கிறது 7வது மூளை நரம்பு. நெத்திக்கு மட்டும் மூளையோட ரெண்டு பக்கத்துல இருந்தும் கட்டளை வருது, அதனால பக்கவாதத்துல மூளையில ஒரு பக்கம் அடிபட்டாலும் பெரும்பாலும் நெத்தி சுருங்கும், வாய் மட்டுந்தான் கோணும். நரம்பே வீங்கிப் போனா பாதி முகம் அப்படியே நிக்கும், நெத்தியில கோடே விழாது, கண்ணும் மூடாது. இதத்தான் பெல்ஸ் பால்சின்னு சொல்றாங்க, நம்ம ஆளுங்க முகவாதம்னு சொல்றது. காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள ஒரு குறுகலான வழியா இந்த நரம்பு வருது, வீங்கினா விரிய இடமில்லாம நசுங்குது, அனேகமா வைரஸ்தான் காரணம்னு டொக்டர்மார் நினைக்கிறாங்க.

எங்க லயத்துல ஒரு அக்காவுக்கு இது வந்தப்ப நான் பக்கத்துல இருந்து பாத்தேன். பிளேன்டீ குடிச்சா கடவாயால வழியுது, கண்ண மூடுங்கன்னா இமை மூடாம கருவிழி மட்டும் மேல போய் வெள்ளைதான் தெரியுது, அந்தப் பக்கத்துக் காதுல சாதாரண சத்தம்கூட இரைச்சலா கேக்குதுன்னாங்க, நாக்குல ருசியும் கொறஞ்சிருச்சு. வீட்டு ஆளுங்க இழுத்திருந்த கன்னத்துக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருந்தாங்க, ஆனா வாய் எந்தப் பக்கம் இழுக்குதோ அதுதான் நல்ல பக்கம், தளர்ந்து போனது மத்தப் பக்கம்.

ஆனா நெத்தியப் பாத்து நீங்களே முடிவு பண்ணிட்டு வீட்டுல வச்சுக்காதீங்க. மூளைத்தண்டுல வர்ற பக்கவாதத்துல நெத்தியும் சேந்து போகலாம். கை கால் பலமில்ல, பேச்சு குழறுது, ரெண்டு ரெண்டா தெரியுது, நடை தள்ளாடுதுன்னா உடனே 1990க்கு அடிங்க, சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாம வரும். அடைப்பக் கரைக்கிற ஊசி 4.5 மணித்தியாலத்துக்குள்ள போடணும், தோட்டத்து ரோட்டுல இறங்கி டவுனுக்குப் போகவே எவ்வளவு நேரம் போகுதுன்னு உங்களுக்கே தெரியும். போற வரைக்கும் வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. நம்ம வீடுகள்ல உடனே கொத்தமல்லி அவிச்சுக் குடுப்பாங்க, முழுங்க வைக்கிற 9வது 10வது நரம்பு வேலை செய்யலன்னா அது நேரா நுரையீரலுக்குள்ள எறங்கிடும்.

முகவாதம்தான்னு டொக்டர் சொன்னா ஸ்டீராய்டு குளிசைய 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்லது, அதனாலதான் பனிக்காத்துன்னு சொல்லி ஒரு கிழமை சும்மா இருக்கிறதப் பாத்தா எனக்கு அவ்வளவு ஆத்திரம் வருது. அம்மாவுக்கு சீனி வருத்தம் இருந்தா கட்டாயம் சொல்லுங்க, அந்தக் குளிசை சீனிய ஏத்தும். காதுக்குள்ளயோ காத சுத்தியோ கொப்புளம் இருந்தா அதயும் காட்டுங்க, அது அக்கி வைரஸா இருக்கலாம், அதுக்கு வேற மருந்தும் சேத்துக் குடுப்பாங்க. கண்ணு மூடலன்னா காஞ்சு கருவிழி புண்ணாயிரும், பகல்ல கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி மருந்து தடவி இமைய மூடி டேப் ஒட்டணும்.

மூளை நரம்பு மொத்தம் 12 சோடி இருக்கு, எல்லாத்தயும் இங்க எழுத முடியாது, ஆனா ரெண்ட மட்டும் சொல்லியே ஆகணும். ஒண்ணு 5வது, முகத்துல தொடுறது வலிக்கிறது எல்லாம் உணர வைக்கிற நரம்பு. இதுல கோளாறு வந்தா, பல்லு விளக்குறப்ப, பச்சத் தண்ணியில முகம் கழுவுறப்ப, குளிர் காத்து பட்டவுடனே கன்னத்துல கரண்ட் அடிச்ச மாதிரி சில செக்கன் வலிச்சிட்டு நின்னுரும், திரும்ப வரும். பெனடோல்ல அடங்காது. பல்லு வலின்னு நெனச்சு நல்ல பல்லப் புடுங்கிட்டு வலி அப்படியே இருக்குன்னு வர்ற ஆளுங்கள வார்ட்டுல பாத்திருக்கேன், கார்பமசெபின்னு ஒரு குளிசை இருக்கு, அதுலதான் பெரும்பாலும் கட்டுப்படும். இன்னொண்ணு 3வது, இமையத் தூக்குற, கண்ண அசைக்கிற நரம்பு. திடீர்னு ஒரு இமை தொங்கி, அந்தக் கண்ணோட பாப்பா மத்தக் கண்ணவிடப் பெருசா இருந்து, பயங்கர தலைவலியும் இருந்தா மூளை ரத்தக் குழாய் வீங்கி வெடிக்கப் போற அறிகுறியா இருக்கலாம், கிளினிக் நாள் வரட்டும்னு நிக்காதீங்க, அன்னைக்கே கண்டி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க.

முகவாதம் அனேகமானவங்களுக்கு சில கிழமையில தேற ஆரம்பிக்கும், சிலருக்கு 6 மாசம் வரைக்கும் இழுக்கும். 3 மாசத்துக்கு மேல ஆகியும் அசைவே வரலன்னா இல்ல நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகுதுன்னா அது வேற ஏதாவதா இருக்கலாம், ஸ்கேன் எடுக்கணுமான்னு டொக்டர்கிட்டக் கேளுங்க. இப்ப அம்மாவக் கூட்டிட்டுக் கெளம்புங்க, சாப்பிடுற மருந்தெல்லாம் கிளினிக் கொப்பியோட எடுத்துக்குங்க.